தொகாய் போறீங்களா, ஒரு ராத்திரியாவது அங்க தங்குங்க

ஹங்கேரி போறவங்க நிறைய பேர் புடாபெஸ்ட்ல மூணு நாள் இருந்துட்டு நடுவுல ஒரு நாள் ஒயினுக்கு பேர்போன தொகாய்ங்கற சின்ன ஊருக்கு காலைல போய் சாயங்காலம் திரும்பிடலாம்னு பிளான் போடுறாங்க. நானும் முதல் தடவை அப்படித்தான் போனேன், செல்லார்னு சொல்ற ஒயின் நிலவறைய பார்த்தேன், நாலு கிளாஸ் குடிச்சேன், ட்ரெயின் புடிச்சு வந்துட்டேன், ஊர் புடிச்சிருந்துச்சு ஆனா விஷயம் புடிபடல. அடுத்த தடவை அக்டோபர் கடைசில ரெண்டு ராத்திரி தங்கினப்பதான் இந்த ஊர் இனிப்பு ஒயின் ஏன் இப்படி வருதுன்னு கண்ணால பார்த்தேன், அதனாலதான் இதை எழுதுறேன்.

போட்ரோக் ஆறும் டிசா ஆறும் சேர்ற இடம் ஊருக்குள்ளயே இருக்கு, மெயின் ஸ்கொயர்லேர்ந்து கொஞ்ச தூரம் நடந்தா போதும். விடியற நேரத்துக்கு அங்க போய் நில்லுங்க. ரெண்டு ஆத்து மேலேர்ந்தும் பனி கிளம்பி எதிர்ல இருக்கற மரம்கூட தெரியாத மாதிரி மூடிடும், அப்புறம் வெயில் ஏற ஏற அது கலைஞ்சு மதியம் நல்ல சூடு வந்துடும். இந்த ஈரமும் வெயிலும் மாறி மாறி வர்றதுனாலதான் திராட்சை மேல போட்ரைட்டிஸ்னு ஒரு பூஞ்சை புடிக்குது, அது தோல்ல கண்ணுக்கு தெரியாத ஓட்டை போட்டு உள்ள இருக்கற தண்ணிய வெளிய விட்டுடுது, பழம் சுருங்கி இனிப்பும் புளிப்பும் மட்டும் கெட்டியா நிக்குது. இப்படி சுருங்கின பழத்துக்கு பேருதான் ஆசூ, அதுல பண்ற இனிப்பு ஒயினுக்கும் அதே பேர்தான். ஒரு தோட்டத்துல கொத்து ஒண்ணை கையில குடுத்து பார்க்க சொன்னாங்க, அதே கொத்துல ஒரு பக்கம் தங்க நிறத்துல முழு பழம், நடுவுல ஊதா கலந்த பழுப்பா தொங்கிப்போன பழம், ஓரத்துல சாம்பல் பூத்த மாதிரி காஞ்சு சுருண்ட பழம். ஒரே கொத்துல ஒண்ணு தயாரா இருக்கும், பக்கத்துல இருக்கறது இருக்காது, அதனால கொத்தா வெட்ட முடியாது, ஒவ்வொரு பழமா கையாலதான் பொறுக்கணும், அதுக்காக ஒரே தோட்டத்துக்கு திரும்ப திரும்ப வர்றாங்க. விலை ஏன் இவ்வளவுன்னு அதுக்கப்புறம் எனக்கு கேக்க தோணல.

எப்ப போகலாம்னா அக்டோபர் நடுவுலேர்ந்து நவம்பர் ஆரம்பம் வரைக்கும்தான் என் சாய்ஸ். கோடைல போனா ஆத்துல படகு, கயாக்னு வேற மாதிரி நல்லா இருக்கும், கூட்டமும் இருக்கும். குளிர்காலத்துல நிறைய இடம் மூடியிருக்கும், போறதுக்கு முன்னாடி கேட்டுக்கோங்க. இன்னொண்ணு, பக்கத்துல போட்ரோக்கெரெஸ்டூர்னு ஒரு கிராமம், 1925ல இறந்த ஒரு யூத ரப்பியோட சமாதி அங்க இருக்கு, அவர் நினைவு நாள் ஏப்ரல் நடுவுலேர்ந்து மே நடுவுக்குள்ள வரும், அந்த சமயம் உலகம் பூராவும் இருந்து பல்லாயிரம் பேர் வந்துடுவாங்க, சுத்துவட்டாரத்துல ரூம் கிடைக்கறது ரொம்ப கஷ்டம், தேதி பார்த்துட்டு புக் பண்ணுங்க.

புடாபெஸ்ட் கெலெட்டி ஸ்டேஷன்லேர்ந்து மிஷ்கோல்ட்ஸ், செரெஞ்ச் வழியா போற இன்டர்சிட்டில ஏறுங்க, ரெண்டரை மணி நேரத்துக்கு கொஞ்சம் முன்ன பின்ன ஆகும். டெப்ரெட்சென் பக்கமா சுத்திட்டு வர்ற வண்டியும் இருக்கு, அது நேரம் ஜாஸ்தி, டிக்கெட் எடுக்கும்போது ரூட்டை பாருங்க. செரெஞ்ச் தாண்டினதும் ஜன்னல் பக்கம் உக்காருங்க, சமதரைல திடீர்னு தனியா ஒரு மலை எழும்பி நிக்கும், உச்சில டவர் இருக்கும், அதுதான் கோபாஸ் மலை, 514 மீட்டர், அணைஞ்சுபோன எரிமலை, தொகாய் அது காலடிலதான் இருக்கு. ஸ்டேஷன்லேர்ந்து ஊர் நடுவுக்கு கால் மணி, இருபது நிமிஷ நடை.

கார் எடுத்துட்டு போறவங்க ஒண்ணு மனசுல வைங்க, ஹங்கேரில வண்டி ஓட்டறவங்களுக்கு அனுமதிக்கற ஆல்கஹால் அளவு பூஜ்யம்தான். ஒரு வாய் டேஸ்ட் பண்ணினாலும் வண்டிய தொடாதீங்க, குடிக்காதவர் ஒருத்தர் கூட இருக்கணும், இல்லன்னா ட்ரெயின்தான்.

முதல் செல்லாரா மெயின் ஸ்கொயர்ல இருக்கற ராகோட்சி செல்லாருக்கு போங்க. நேரம் பார்த்து டூர் புக் பண்ணிக்கோங்க. மொத்தம் ஒன்றரை கிலோமீட்டர் நீளத்துக்கு 24 சுரங்கம், மலைப்பாறைய குடைஞ்சு பண்ணது, இங்க இருக்கற பெரிய மண்டபத்துலதான் 1526ல சாபோயாய் யானோஷை ராஜாவா தேர்ந்தெடுத்தாங்கன்னு சொல்லுவாங்க. வெளிய எவ்வளவு வெயிலா இருந்தாலும் உள்ள 10லேர்ந்து 12 டிகிரிதான், ஜாக்கெட் கண்டிப்பா வேணும். சுவர் பூரா கருப்பா போர்வை போத்தின மாதிரி ஒண்ணு படர்ந்திருக்கும், அழுக்குன்னு நினைச்சு விலகாதீங்க, அதுவும் பூஞ்சைதான், பீப்பாலேர்ந்து ஆவியாகற ஆல்கஹாலை சாப்பிட்டு வளருது, காத்தோட ஈரத்தையும் சமமா வெச்சுக்குது. விரல் நுனியால லேசா தொட்டா ஈரமான பஞ்சு மாதிரி மெத்துன்னு இருக்கும். செல்லார் பேர்ல இருக்கற ராகோட்சிங்கறது ஒரு பிரபு குடும்பம், அதுல வந்த ரெண்டாம் ராகோட்சி ஃபெரென்ட்ஸ் படம்தான் 500 ஃபோரிண்ட் நோட்டுல இருக்கு, நோட்டை திருப்பினா ஷாரோஷ்பட்டாக் கோட்டை, அதையும் மறுநாள் பார்த்துட்டு வந்துடலாம்.

டேஸ்ட்டிங்குக்கு கோஷ்டோலோன்னு சொல்லுவாங்க. இதுல வரிசைதான் முக்கியம், இனிப்பில்லாத ட்ரையானதுலேர்ந்து ஆரம்பிச்சு இனிப்புக்கு போகணும், மாத்தினா நாக்கு அடுத்ததை வாங்காது. முதல்ல ட்ரை ஃபுர்மிண்ட் கேளுங்க, இந்த ஊரோட முக்கியமான திராட்சை, புளிப்பு கத்தி மாதிரி இருக்கும். இதை வேண்டாம்னு தள்ளிட்டு நேரா இனிப்புக்கு போறவங்கள பார்த்தா எனக்கு வருத்தமா இருக்கும், ஏன்னா ஆசூ அவ்வளவு இனிப்பா இருந்தும் திகட்டாம இருக்கறது இந்த புளிப்பாலதான். அடுத்து சமொரோட்னி, போலந்து மொழில 'தானா பிறந்தபடி'ன்னு அர்த்தம், ஆசூ பழத்தை தனியா பொறுக்காம கொத்தோட அப்படியே போட்டு பண்றது. பாட்டில்ல சாராஸ்னு போட்டிருந்தா ட்ரை, ஏடெஷ்னா இனிப்பு. ட்ரை சமொரோட்னில நட்ஸ் வாசனை வரும், எல்லாருக்கும் புடிக்காது, எனக்கு ரொம்ப புடிக்கும்.

கடைசிலதான் ஆசூ. புத்தோஞ்னா பழம் பொறுக்கற முதுகுக் கூடை, ஒரு கூடை சுமார் 25 கிலோ புடிக்கும். அந்த காலத்துல 136 லிட்டர் பீப்பா ஒண்ணுக்கு எத்தனை கூடை ஆசூ போட்டாங்களோ அதுதான் 3, 4, 5, 6 புத்தோஞோஷ்னு லேபிள்ல வந்துச்சு. 2013ல 3, 4ஐ எடுத்துட்டாங்க, இப்ப ஆசூன்னா லிட்டருக்கு குறைஞ்சது 120 கிராம் சர்க்கரை, 6 புத்தோஞோஷ்க்கு 150. பழைய வருஷ பாட்டில்ல 3னு பார்த்தா மட்டம்னு நினைச்சுடாதீங்க. எசென்சியான்னு ஒண்ணு ஸ்பூன்ல குடுப்பாங்க, ஆசூ பழத்தை குவிச்சு வெச்சா அதோட எடையிலயே கீழ சொட்டுற சாறு, லிட்டருக்கு 450 கிராமுக்கு மேல சர்க்கரை, அது புளிச்சு ஒயினாகறதுக்கே வருஷக்கணக்கு ஆகும், ஆல்கஹால் ரொம்ப கம்மி. காசு ஜாஸ்திதான், ஆனா ஒரே ஒரு ஸ்பூன் வாங்கி வாயில வெச்சு முழுங்காம கொஞ்ச நேரம் இருங்க.

மறுநாளுக்கு என் யோசனை ஏதாவது ஒரு சின்ன குடும்ப செல்லார். மாட் கிராமத்துக்கு செரெஞ்ச்ல வண்டி மாறி ட்ரெயின்லயே போகலாம், 1795ல கட்டின யூத ஆலயம் ஒண்ணும் அங்க இருக்கு, உள்ள ரொம்ப அழகு. ஹெர்ட்செக்கூட்ல மலைச்சரிவுல வரிசை வரிசையா முக்கோண முகப்போட செல்லார் கதவுங்க, அது ஷாரோஷ்பட்டாக் பக்கம், கோட்டையையும் இதையும் ஒரே நாள்ல முடிக்கலாம். சின்ன இடத்துக்கெல்லாம் முன்னாடியே மெயில் போட்டுட்டு போகணும், நான் ஒரு இடத்துக்கு சொல்லாம போய் பூட்டின கதவை பார்த்துட்டு வந்திருக்கேன், தோட்டத்துல அறுவடை நடக்கும்போது கதவை திறக்க யாரும் இருக்க மாட்டாங்க. ஒரு நாளைக்கு ரெண்டு செல்லார் போதும், மூணாவதுல நாக்கும் வேலை செய்யாது, கேட்ட கதையும் நிக்காது.

சைவம் சாப்பிடறவங்களுக்கு மெனுல ரான்டொட் ஷாய்ட்னு பொரிச்ச சீஸ், கொம்பான்னு காளான் இருக்கும், கடைல லாங்கோஷ்னு எண்ணெய்ல பொரிச்ச ரொட்டி கிடைக்கும். அசைவம்னா ஆத்து மீன் சூப்பு ஹலாஸ்லே சாப்பிடுங்க, மிளகாத்தூள் போட்டு செக்கச்செவேல்னு வரும்.

பாட்டில் வாங்கும்போது ஆசூ பெரும்பாலும் அரை லிட்டர்தான் வரும், பார்த்தா சின்னதா தெரியும். கைப்பையில விடுவாங்களாங்கறது ஏர்போர்ட்டை பொறுத்தது, செக்-இன் பெட்டில ஸ்வெட்டர் சுத்தி நடுவுல வைங்க, அக்டோபர்ல போனீங்கன்னா ஸ்வெட்டர் எப்படியும் பெட்டில இருக்கும். திறந்தப்புறம் ஒரே ராத்திரில முடிக்கணும்னு அவசரம் இல்ல, கார்க்கை மூடி ஃபிரிட்ஜ்ல வெச்சா ஒரு வாரம், ரெண்டு வாரம்கூட நல்லாவே இருக்கும், தினம் சாப்பாட்டுக்கு அப்புறம் சின்ன கிளாஸ்ல கொஞ்சமா ஊத்திக்கலாம்.