பெரிய கப்பல்ல முதல் நாள்: எங்கட ஆக்கள் விடுற பிழைகள்

இப்ப கொழும்பில இருந்து நிறையப் பேர் சிங்கப்பூருக்கு ப்ளைட்ல போய் அங்க மரீனா பேயில குரூஸ் கப்பல் ஏறுறாங்க, வெள்ளவத்தையில எங்கட ப்ளட்ஸ்லயே தெரிஞ்ச குடும்பங்கள் போய் வந்திருக்கு, நாங்களும் அம்மாவோட போனம். கப்பலை ஒரு பெரிய ஹோட்டல் எண்டு நினைச்சு ஏறினதில தான் எங்கட எல்லாப் பிழையும் தொடங்கினது. ஹோட்டல்ல பெட்டி எங்களோடயே ரூமுக்கு வரும், ஒரு சாமான் மறந்தா கீழ இறங்கி கடையில வாங்கலாம். கடல்ல அது ஏலாது.

பெரிய பெட்டியை துறைமுக வாசல்லயே வாங்கி எக்ஸ்ரேக்கு அனுப்பிடுவாங்க, ஆயிரக்கணக்கான பெட்டி எண்டபடியா கபின் வாசலுக்கு வர பின்னேரம் ஆகும், சிலநேரம் ராத்திரியும் ஆகும். இது எனக்குத் தெரியாது. அம்மாட பிரஷர் குளிசையும் சுகர் குளிசையும் போட்ட நீல டப்பா பெரிய பெட்டிக்குள்ள, சாப்பாட்டு நேரம் வந்திட்டுது, அம்மா கட்டில் நுனியில கைப்பையை மடியில வச்சுக்கொண்டு ஒண்டும் பேசாம இருக்கிறா, நான் எங்கட தளத்து கொரிடோர்ல லிப்ட் பக்கம் அடுக்கி வச்சிருந்த பெட்டி ஒவ்வொண்டா பேர்ச் சீட்டைப் பார்த்துக்கொண்டு நடக்கிறன். எட்டரைக்குத் தான் கிடைச்சது. அதால மருந்து, பாஸ்போர்ட், கண்ணாடி, சார்ஜர், பிள்ளைகளுக்கு ஒரு மாத்து உடுப்பு, நீச்சல் உடுப்பு எல்லாம் கைப்பையில தான் இருக்கணும். இன்சுலின் கொண்டு போறவங்க கபின் பொறுப்பான ஆள்கிட்ட ஏறின உடனயே சொல்லுங்க.

அயன், கேத்தல், சின்ன ரைஸ் குக்கர் இதெல்லாம் வேண்டாம். எங்கட ஆக்களுக்கு ராத்திரி ஒரு ப்ளேன்டீ வேணும் எண்டு கேத்தல் வைக்கிற பழக்கம் இருக்கு, எக்ஸ்ரேல தெரிஞ்சா அந்தப் பெட்டியை பிடிச்சு வச்சிடுவாங்க, பிறகு நீங்க போய் திறந்து காட்டணும். கடல் நடுவில தீ பிடிச்சா ஓட இடமில்ல, அதான் காரணம். கொழும்பு ப்ளக் அநேகமா அங்க பொருந்தாது, புறக்கோட்டையில ஒரு அடாப்டர் வாங்கி வச்சாக் காணும்.

இனி சொல்றதை தயவு செய்து கவனமா வாசிங்க. ஏறின அண்டைக்கே மஸ்டர் ட்ரில் இருக்கும், ஆபத்து வந்தா எங்க போய் நிக்கணும் எண்டு காட்டுறது. இப்ப பல கப்பல்ல போன்லயோ கபின் டிவிலயோ வீடியோ பார்த்திட்டு கப்பல்ல தாற உங்கட கார்ட்ல போட்டிருக்கிற இடத்துக்கு போய் ஒருக்கா பதிஞ்சாக் காணும், ஆனா ஆக்கள் பஃபேல பிளேட்டோட நிண்டுகொண்டு பிறகு போவம் எண்டுவாங்க. 2012 ஜனவரி 13 இத்தாலியில கோஸ்டா கொன்கோர்டியா எண்ட குரூஸ் கப்பல் பாறையில மோதி 32 பேர் செத்தாங்க, அண்டைக்கு ஏறின நூற்றுக்கணக்கான ஆக்களுக்கு அந்த ட்ரில் இன்னும் நடக்கவே இல்ல, ஏனெண்டா அப்ப 24 மணித்தியாலத்துக்குள்ள செய்தாப் போதும் எண்டு தான் சட்டம். 2015ல இருந்து கப்பல் வெளிக்கிட முதல், இல்லாட்டி வெளிக்கிட்ட உடனயே செய்யணும். ஏழு குறுகின ஊதல், பிறகு ஒரு நீட்டு ஊதல், அது தான் ஆபத்து சிக்னல். வயசான ஆக்களையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அந்த இடத்துக்கு ஒருக்கா நடந்து பாருங்க, லிப்ட்ல இல்ல, படியால. அம்மாவுக்கு முழங்கால் நோ, எத்தனை படி, எங்க கைப்பிடி இருக்கு எண்டு பார்த்து வச்ச பிறகு தான் எனக்கு நிம்மதி.

போனை கரை விட முதலே ஏர்பிளேன் மோட்ல போடுங்க. நடுக்கடல்ல கப்பலுக்கெண்டு ஒரு நெட்வேர்க் இருக்கு, சாட்டலைட்டால வாறது, ரோமிங் ஒன்ல இருந்தா வட்ஸ்அப் படம் தானா இறங்கியே பில் ஏறும். நேரமும் கவனம், சிங்கப்பூர் எங்களை விட ரெண்டரை மணித்தியாலம் முன்னுக்கு, தாய்லாந்தில புக்கெட் போனா அதில ஒரு மணித்தியாலம் குறையும், கப்பல் எந்த ஊர் நேரத்தைப் பாவிக்குது எண்டு கேட்டு ஒரு கைமணிக்கூட்டில வச்சிடுங்க, பிந்தினா நிண்டு பார்க்க மாட்டாங்க.

சைவச் சாப்பாடு, ஹலால், அலர்ஜி எதுவெண்டாலும் முதல் ராத்திரியே டைனிங் ரூம்ல பொறுப்பானவர்கிட்ட கதைங்க, அடுத்த நாளைக்கு தனியா செய்து தருவாங்க. பகல்ல எல்லாரும் பஃபேக்கு ஓடுவாங்க, சில கப்பல்ல கீழ டைனிங் ரூமும் திறந்திருக்கும், கேட்டுப் பாருங்க, அம்மா அங்க ஆறுதலா இருந்து சாப்பிட்டா. தலைசுத்து வாற ஆக்கள் குளிசையை கப்பல் ஆட முதலே போடணும், வாந்தி தொடங்கின பிறகு போட்டு பெரிசா பிரயோசனம் இல்ல.

கப்பல் வெளிக்கிடுற நேரம் கபின்ல உடுப்பு அடுக்கிக்கொண்டு இருக்காதீங்க, அரை மணித்தியாலம் முதலே மேல் டெக்குக்கு போய் வயசான ஆக்களுக்கு கதிரை பிடிச்சு வைங்க.