நச்சறியும் மின்வேதி உணரி: தாங்கல் கரைசலில் தேறியது பாலில் தவறுவது ஏன்?

உணவிலுள்ள நச்சுகளை மின்முனையில் எழும் மின்னோட்ட மாற்றத்தைக் கொண்டு கண்டறியும் மின்வேதி உணரிகளை உருவாக்குவோர் அடிக்கடி செய்யும் தவறு, தூய தாங்கல் கரைசலில் (அமிலத்தன்மை மாறாதிருக்கும் கரைசல், buffer) கிடைத்த அளவுத்திருத்தக் கோட்டை (நச்சின் அளவையும் மின்னோட்டத்தையும் தொடர்புபடுத்தும் கோடு) உணவு மாதிரிக்கும் அப்படியே பொருத்திவிடுவதாகும். பாலில் கேசீன் முதலிய புரதங்களும் கொழுப்பும் மின்முனையின் பரப்பில் படிந்து எலெக்ட்ரான் பரிமாற்றத்தைத் தடுக்கின்றன. மின்முனையுடன் எளிதில் எலெக்ட்ரான் பரிமாறும் பெர்ரிசயனைடைக் கரைசலில் சேர்த்து, நச்சு பிணைந்தால் மின்னோட்டம் குறையும் என்ற அடிப்படையில் இயங்கும் உணரிகளில் இது பெருங்குழப்பத்தை விளைவிக்கும். ஏனெனில் புரதம் ஒட்டினாலும் மின்னோட்டம் குறையத்தான் செய்யும், இரண்டையும் பிரித்தறியக் கருவிக்கு வழியில்லை.

ஆகவே நச்சில்லாத அதே உணவின் சாற்றைக் கொண்டே அளவுத்திருத்தம் செய்ய வேண்டும். அது கிடைக்காதபோது, தெரிந்த அளவு நச்சை மாதிரியிலேயே படிப்படியாகச் சேர்த்து அளக்கலாம். ஆனால் இம்முறை கோட்டின் சரிவில் நேரும் மாற்றத்தை ஈடுசெய்யுமே தவிர, பிற பொருள்களால் கூடும் பின்னணியை நீக்காது. அதற்கு, நச்சைப் பிணைக்காத ஆப்டமர் (பொதுவாக ஓர் இலக்கைப் பிணைக்கத் தேர்ந்தெடுக்கும் குறு டி.என்.ஏ. அல்லது ஆர்.என்.ஏ. இழை) பதித்த மின்முனை ஒன்றையும் உடன்வைத்து அளப்பது நல்லது. பலர் இதைச் செய்வதில்லை.

உணரியால் கண்டறியக்கூடிய மிகக் குறைந்த அளவான கண்டறிதல் வரம்பிலும் இதே பிழை தொடர்கிறது. வெற்று மாதிரியின் திட்டவிலக்கத்தை மும்மடங்காக்கிச் சரிவால் வகுக்கும்போது, வெற்று மாதிரியாகத் தாங்கல் கரைசலையே கொண்டால் வரம்பு வியக்கத்தக்க அளவில் சிறிதாகிவிடும். பாலில் அஃப்லாடாக்சின் எம்1 என்ற பூஞ்சை நச்சுக்கு ஐரோப்பிய ஒன்றியம் கிலோவுக்கு 0.05 மைக்ரோகிராமையும், பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் 0.5 மைக்ரோகிராமையும் உச்சவரம்பாக வைத்துள்ளன. அந்த எல்லைக்குச் சற்று மேலும் கீழும் உள்ள பாலை உணரி பிரித்துக் காட்டுகிறதா என்பதே கேள்வி. அதைவிட ஆயிரம் மடங்கு குறைந்த வரம்பை எட்டியதாகச் சொல்வது, என் பார்வையில், வெறும் அலங்காரம்.

அச்சிட்ட மின்முனைகளில் ஒப்பீட்டு மின்முனையாக (மின்னழுத்தத்தை அளக்க அடிப்படையாகக் கொள்ளும் மின்முனை) அமையும் வெள்ளி–வெள்ளிக் குளோரைடுப் பூச்சு மாதிரியை நேரடியாகத் தொடுவதால், குளோரைடுச் செறிவு பத்து மடங்கு மாறினால் அதன் மின்னழுத்தம் 25 பாகை செல்சியஸில் ஏறத்தாழ 59 மில்லிவோல்ட் நகரும். உப்பு மிகுந்த சாற்றில் மின்னோட்ட உச்சி வேறு மின்னழுத்தத்துக்கு இடம்பெயர்ந்தால் முதலில் இதையே ஐயுற வேண்டும். அதுபோல, ஓக்ராடாக்சின் ஏ என்ற பூஞ்சை நச்சைப் பிணைக்கும் ஆப்டமருக்குக் கால்சியம் அயனி தேவைப்படுவதால், கால்சியத்தைப் பிணைத்துக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ. (EDTA) கலந்த கரைசலில் அதைச் சோதித்துவிட்டு ஆப்டமரைக் குறைகூறுவதில் பொருளில்லை.

தானியத்தில் பூஞ்சை நச்சு ஒரு சில மணிகளில் மட்டுமே செறிந்திருக்கக்கூடும் என்பதால், மூட்டையின் ஒரு மூலையில் அள்ளிய சில கிராம்களை உணரி எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் அது மூட்டையைப் பற்றிய அளவாகாது. பல இடங்களிலிருந்து எடுத்ததை ஒன்றாக அரைத்துக் கலந்த பின்னரே சாறு எடுக்க வேண்டும்.