ஒரே தொட்டியில் எந்த மீனோடு எந்த மீன்? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

"அண்ணே, இது அதோட சண்டை போடுமா?" சென்னை கொளத்தூர் கலர் மீன் கடைகளில் எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் அதன் முறை மூன்றாவது. முதலில் உங்கள் வீட்டுத் தண்ணீர், அடுத்து வெப்பம், பிறகுதான் சண்டை. சாதுவான இரண்டு வகைகளைச் சேர்த்து விட்டிருப்பீர்கள். ஒன்றையொன்று சீண்டியே இருக்காது. ஆனாலும் கொஞ்ச நாளில் ஒரு வகை மட்டும் துடுப்பை மடக்கிக்கொண்டு மூலையில் ஒதுங்கும். அதற்குத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை.

தொட்டி கழுவுவது, மணல் போடுவது, பில்டர் மாட்டுவது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கணக்குக்கு எடுத்துக்கொண்டது 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டி. விளிம்புவரை சுமார் 56 லிட்டர், மணலும் கல்லும் போனால் 45 லிட்டர்தான் நிற்கும்.

படி 1: தண்ணீரின் கடினத்தன்மை

கால்சியமும் மெக்னீசியமும் அதிகம் கரைந்திருந்தால் கடின நீர், குறைவாக இருந்தால் மென்னீர். கப்பி, மாலி, பிளாட்டி மூன்றும் கடின நீரில் செழிக்கும். நியான் டெட்ரா அமேசான் பகுதியின் மென்னீர் மீன். இரண்டு கூட்டத்தையும் ஒரே தொட்டியில் விட்டால் யாராவது ஒருவர் கஷ்டப்பட்டே ஆகவேண்டும்.

அளப்பதற்கு ஜி.எச். (பொதுக் கடினத்தன்மை) பார்க்கும் சொட்டு மருந்து கிட் வாங்குங்கள். காகிதப் பட்டை வேண்டாம், அதன் நிறத்தை இரண்டு பேர் பார்த்தால் இரண்டு எண் சொல்வார்கள். சோதனைக் குழாயில் 5 மில்லி தண்ணீர் எடுத்து, ஒவ்வொரு சொட்டாக விட்டுக் குலுக்க வேண்டும். என்னிடம் இருக்கும் கிட்டில் தண்ணீர் ஆரஞ்சிலிருந்து பச்சைக்குத் தாவும். தாவியபோது எத்தனையாவது சொட்டோ, அத்தனை டிகிரி கடினத்தன்மை. 10க்குக் கீழே என்றால் டெட்ரா பக்கம் போகலாம். 12, 15 என்று ஏறினால் கப்பி, மாலி பக்கம்.

நான் அதிக நேரம் மாட்டிக்கொண்டு நின்ற இடம் இதுதான், அதனால் விரிவாகச் சொல்கிறேன். எங்கள் குடியிருப்பில் வருவது போர் தண்ணீர். தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் 900ஐத் தாண்டிக் காட்டியது. ஜி.எச். கிட்டோ இரண்டாவது சொட்டிலேயே பச்சையாகிவிட்டது. மீட்டரும் சரி, கிட்டும் சரி. காரணம் மொட்டைமாடியில் இருந்த சாஃப்ட்னர். அது கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு, பதிலுக்கு சோடியத்தை விடுகிறது. கரைந்த உப்பின் அளவு குறையவில்லை, வகைதான் மாறுகிறது. டிடிஎஸ் மீட்டர் மொத்தத்தைத்தான் காட்டும், எது எவ்வளவு என்று சொல்லாது. இந்தத் தண்ணீர் நியானுக்கும் ஆகாது, ஏனென்றால் உப்பு அதிகம். கால்சியம் இல்லாததால் மாலிக்கும் ஆகாது. சாஃப்ட்னருக்கு முன்னால் இருக்கும் குழாயில் பிடித்தால் நேர்மையான கடின நீர் கிடைக்கும். மென்னீர் மீன்தான் வேண்டுமென்றால் அதோடு ஆர்.ஓ. தண்ணீரைக் கலந்து, கிட்டில் பார்த்துப் பார்த்து இறக்குங்கள். வெறும் ஆர்.ஓ. மட்டும் ஊற்றக் கூடாது. அதில் தாதுக்கள் மிகக் குறைவு, பி.எச். (அமில, கார அளவு) நிலைகொள்ளாது.

பி.எச். குறைக்கும் திரவங்களையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். கடின நீரில் இன்று இறக்கினால் நாளை பழைய இடத்துக்கே ஏறிவிடும். அந்த ஏற்ற இறக்கம்தான் மீனுக்குக் கேடு.

படி 2: வெப்பம்

டிஸ்கஸுக்கு 28 முதல் 30 டிகிரி வேண்டும். நியானுக்கு 25ஐ ஒட்டியே இருந்தால் நல்லது. படங்களில் இரண்டும் சேர்ந்து அழகாக இருக்கும், வீட்டில் சேர்க்காதீர்கள். டிஸ்கஸோடு சிவப்பு வரி வேண்டுமென்றால் கார்டினல் டெட்ராதான், அது சூட்டைத் தாங்கும். சென்னை மே மாதத்தில் தொட்டி 32 டிகிரியைத் தொடும், அதனால் ஹீட்டரை விடத் தண்ணீர்ப் பரப்பின் மேல் ஓடும் ஒரு சின்ன மின்விசிறி இங்கே அதிகம் உதவும். கோல்டு ஃபிஷ் குளிர்ச்சி விரும்பி, கழிவும் அதிகம், வாயில் கொள்வதையெல்லாம் விழுங்கும். அதைக் கோல்டு ஃபிஷ்ஷோடு மட்டும், பெரிய தொட்டியில் வையுங்கள்.

படி 3: வாயும் வாலும்

கடையில் ஏஞ்சல் ஒரு ரூபாய் நாணயம் அளவில் இருக்கும். வளர்ந்தால் 15 சென்டிமீட்டர். நியான் 3 சென்டிமீட்டரில் நின்றுவிடும், உடம்பும் ஒல்லி. சேர்ந்தே வளர்ந்தாலும் ஒருநாள் ராத்திரி எண்ணிக்கை குறையும். ஏஞ்சல் கெட்ட மீன் இல்லை, அதன் வாயில் நியான் கொள்ளும், அவ்வளவுதான். வாங்கும்போது இருக்கும் அளவை விட்டுவிட்டு, வளர்ந்த அளவைக் கேளுங்கள். கடையில் ஷார்க் என்று விற்கும் வெள்ளி நிற மீன் பெரும்பாலும் பங்காசியஸ், ஒரு மீட்டருக்கு மேல் வளரக்கூடியது.

டைகர் பார்ப் நீண்ட வாலைக் கண்டால் விடாது. கப்பி, ஏஞ்சல், ஃபைட்டர் மூன்றின் வால் ஓரமும் பிய்ந்து நூல் நூலாகத் தொங்கும். எட்டு பத்தாக வைத்தால் தங்களுக்குள்ளேயே துரத்திக்கொள்ளும், மற்றவற்றுக்குத் தொல்லை குறையும். ஆனாலும் நீள வால் மீனோடு வேண்டவே வேண்டாம். ஆண் ஃபைட்டர் தனியாக இருக்கட்டும், ஃபிளவர்ஹார்னும் அப்படியே.

படி 4: என் பட்டியல்

கடின நீர் என்றால் ஆண் கப்பி மட்டும் 8, அடியில் கோரிடோரஸ் 6. ஜி.எச். 15ஐத் தாண்டினால் கோரிடோரஸை விட்டுவிட்டு, ஆண் பிளாட்டி சில சேருங்கள். பெண்ணையும் சேர்த்தால் குட்டிகள் குவியும். கோரிடோரஸில் ஸ்டெர்பாய் வகை நம் வெயிலைத் தாங்கும். அதற்கு மெல்லிய மணல் வேண்டும், கூரான கல் மீசையைத் தேய்த்துவிடும்.

மென்னீர் என்றால் இலங்கையின் செர்ரி பார்ப் 8, தேன் கௌராமி ஒரு ஜோடி, கோரிடோரஸ் 6. கூட்டமாக வாழும் மீனை இரண்டு மூன்றாக வாங்காதீர்கள், பயந்து ஒளிந்தே கிடக்கும்.

படி 5: விடும் வரிசை

கழிவிலிருந்து உண்டாகும் நச்சுகளான அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் ஏறி இறங்கி, மறுபடி பூஜ்யம் காட்டும் வரை மீன் விடக் கூடாது. புதுத் தொட்டிக்கு இது பொதுவாக 4 முதல் 6 வாரம். புது மீனை ஸ்பாஞ்ச் பில்டர் போட்ட பிளாஸ்டிக் டப்பில் இரண்டு வாரம் தனியே வையுங்கள். வெள்ளைப் புள்ளி நோய் இருந்தால் அதற்குள் தெரிந்துவிடும். சாதுவானவை முதலில், இடம் பிடிக்கும் சுபாவம் உள்ள கௌராமி கடைசியில்.

பின்சேர்க்கை

படித்துவிட்டுப் பலரும் கேட்டது: "ஒரு வாரம் போர், ஒரு வாரம் லாரித் தண்ணீர் வருகிறது, என்ன செய்வது?" ஒவ்வொரு முறை தண்ணீர் மாற்றும் முன்பும் ஜி.எச். பாருங்கள். பழைய எண்ணிலிருந்து வெகுவாக மாறியிருந்தால் 10 சதவீதத்துக்கு மேல் மாற்றாதீர்கள். லாரித் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஆன்டி குளோரின் கட்டாயம்.

இன்னொன்று, பாசி தின்னும் என்று கடையில் தரும் சக்கர் மீன். ஒரு அடிக்கு மேல் வளரும், 2 அடித் தொட்டியில் திரும்பக்கூட இடம் இருக்காது. பாசிக்கு பிரிஸில்நோஸ் வாங்குங்கள், 12 சென்டிமீட்டர் அளவில் நின்றுவிடும். சக்கர் ஏற்கெனவே உங்களிடம் பெரிதாகிவிட்டதென்றால் கடையில் திருப்பிக் கொடுங்கள், தயவுசெய்து ஏரியில் விடாதீர்கள். தமிழ்நாட்டு நீர்நிலைகளில் அது பெருகி, மீனவர்களின் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது.