விபத்து நடந்த ஆண்டில் போனஸ்: நிறுவனத்தின் ஊதிய அறிக்கையைப் படிக்கும் முறை

2010 ஏப்ரல் 20ஆம் தேதி இரவு, மெக்சிகோ வளைகுடாவில் மக்கோண்டோ என்ற எண்ணெய்க் கிணற்றைத் துளையிட்டுக்கொண்டிருந்த டீப்வாட்டர் ஹொரைசன் மேடை வெடித்துத் தீப்பிடித்தது. மேடையில் இருந்த 126 பேரில் 11 பேர் இறந்தனர். இரண்டு நாள் கழித்து மேடை மூழ்கியது. அடுத்து வந்த ஏறத்தாழ மூன்று மாதங்கள் கச்சா எண்ணெய் கடலில் கொட்டிக்கொண்டிருந்தது. கிணறு பிபி நிறுவனத்துடையது. மேடையும் அதை இயக்கியவர்களும் டிரான்ஸ்ஓஷன் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள். இறந்தவர்களில் 9 பேர் டிரான்ஸ்ஓஷனின் ஊழியர்கள். அதே நிறுவனம், விபத்தின் முதலாண்டு நினைவு நாளுக்குச் சில வாரங்கள் முன்பு, 2011 ஏப்ரல் தொடக்கத்தில் பங்குதாரர்களுக்கு வெளியிட்ட ஆவணத்தில், வளைகுடாவில் நேர்ந்த உயிரிழப்பைக் குறிப்பிட்டுவிட்டு, அந்த உயிரிழப்பு நேர்ந்தபோதிலும் தன் வரலாற்றிலேயே பாதுகாப்பில் மிகச் சிறந்த ஆண்டு 2010தான் என்று எழுதியது. உயர் அதிகாரிகளுக்குப் பாதுகாப்புக்கான போனஸும் கிடைத்தது.

எதிர்பார்க்கக்கூடிய கோபம் எழுந்தது. அமெரிக்க உள்துறைச் செயலர் கென் சலாசர் உட்படப் பலர் கண்டித்தனர். ஆவணத்தின் சில சொற்கள் உணர்வற்றவையாக அமைந்திருக்கலாம் என்று நிறுவனம் சில நாட்களில் ஒப்புக்கொண்டது; மூத்த அதிகாரிகள் ஐவர், பாதுகாப்புக்கெனக் கிடைத்த 2,50,000 டாலருக்கும் மேற்பட்ட தொகையை இறந்தோர் குடும்பங்களுக்கான நினைவு நிதிக்கு அளிப்பதாக அறிவித்தனர். அத்துடன் கோபமும் தணிந்தது. ஆனால் மன்னிப்பு கேட்கப்பட்டது சொற்களுக்காக மட்டுமே. 11 பேர் இறந்த ஆண்டை மிகச் சிறந்த ஆண்டாகக் காட்டிய கணக்கு முறைக்காக யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தக் கணக்கைக் கண்டுபிடிப்பது எப்படி, அதை எப்படிச் சோதிப்பது, எந்த இடத்தில் கேள்வி கேட்பது என்பதைச் சொல்லவே இந்த வழிகாட்டி.

எந்த ஆவணம், எந்தப் பகுதி

அமெரிக்கப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம் என்றால், ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு முன் பங்குதாரர்களுக்கு அனுப்பும் ப்ராக்ஸி அறிக்கையைத் தேடுங்கள். பங்கு மற்றும் பரிவர்த்தனை ஆணையத்தின் எட்கர் இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரைக் கொடுத்தால் எவரும் இதை இலவசமாகப் பெறலாம். நூறு பக்கத்தைத் தாண்டும் ஆவணம் இது; முழுவதையும் படிக்கத் தேவையில்லை. ஊதியம் பற்றிய விளக்கப் பகுதிக்கு நேராகச் சென்று, ஆண்டுப் பண போனஸ் எந்தெந்த இலக்குகளைப் பொறுத்தது, ஒவ்வொன்றுக்கும் எத்தனை விழுக்காடு என்ற அட்டவணையைக் கண்டுபிடியுங்கள். டிரான்ஸ்ஓஷனில் 2010ஆம் ஆண்டுக்கான பண போனஸில் பாதுகாப்புக்கு 25 விழுக்காடு. மிச்சம் பிற இலக்குகளுக்கு. ஆகவே, பாதுகாப்பில் ஓர் அதிகாரி முழுத் தோல்வி அடைந்தாலும் போனஸின் முக்கால் பங்கு அவருக்குக் கிடைக்க வழி இருந்தது என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். செய்தித்தாள்கள் பெரும்பாலும் பாதுகாப்பு போனஸை மட்டும் பேசின; எனக்கு அந்த முக்கால் பங்குதான் கூடுதலாக உறுத்துகிறது.

கூடவே, பங்குகளாக வழங்கப்படும் ஊதியத்தையும் அடுத்த ஆண்டுக்கான அடிப்படைச் சம்பள உயர்வையும் பாருங்கள். பெரிய நிறுவனங்களின் தலைமை அதிகாரிகளுக்குப் பண போனஸ் என்பது மொத்த வருமானத்தில் சிறு பகுதியே. அதைக் குறைத்துவிட்டுச் சம்பளத்தை உயர்த்தினால், வெளியில் தண்டனை போலத் தெரிவது கணக்கில் தண்டனையாக இராது.

விகிதத்தை நீங்களே போட்டுப் பாருங்கள்

பாதுகாப்பு என்ற தலைப்பின் கீழ் டிரான்ஸ்ஓஷன் இரண்டு அளவுகோல்களைக் குறிப்பிட்டிருந்தது. ஒன்று, பதிவுக்குரிய விபத்துகளின் (முதலுதவிக்கு மேல் சிகிச்சை தேவைப்பட்ட காயங்கள், உயிரிழப்புகள் போன்றவை) மொத்த விகிதம்; மற்றது, நடந்த சம்பவங்கள் எவ்வளவு கடுமையாக முடிந்திருக்கக்கூடும் என்பதை மதிப்பிடும் விகிதம். முதல் அளவுகோலை ஒருமுறை கைப்படப் போட்டுப் பார்த்தால்தான் அதன் குறை புரியும். அமெரிக்காவில் வழக்கமான சூத்திரம் எளிது: ஓராண்டில் நடந்த பதிவுக்குரிய விபத்துகளின் எண்ணிக்கையை 2,00,000ஆல் பெருக்கி, எல்லாத் தொழிலாளர்களும் சேர்ந்து உழைத்த மொத்த மணிநேரத்தால் வகுக்க வேண்டும். நூறு பேர் வாரம் 40 மணிநேரம் வீதம் 50 வாரம் உழைத்தால் வருவது 2,00,000 மணிநேரம்; அந்த எண் வந்த வழி அதுதான்.

கற்பனையாக ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். 20,000 பேர், ஆளுக்கு ஆண்டுக்கு 2,000 மணிநேரம், ஆக மொத்தம் 4 கோடி மணிநேரம். சென்ற ஆண்டு 160 விபத்துகள்: விரல் நசுங்கியது, கணுக்கால் பிசகியது, கையில் தையல் போட நேர்ந்தது, இறந்தவர் எவருமில்லை. விகிதம் 0.80. இந்த ஆண்டு அத்தகைய விபத்துகள் 129ஆகக் குறைந்தன. ஆனால் ஒரே இரவில் ஒரு வெடிப்பில் 11 பேர் இறந்தனர். மொத்தம் 140. விகிதம் 0.70. அட்டவணைப்படி பாதுகாப்பு எட்டில் ஒரு பங்கு மேம்பட்டுவிட்டது. இதில் பொய்க் கணக்கு எதுவும் இல்லை, எவரும் எதையும் மறைக்கவில்லை. கணுக்கால் பிசகலும் சாவும் இந்தச் சூத்திரத்தில் ஆளுக்கு ஒன்று என்ற ஒரே மதிப்பைப் பெறுகின்றன, அவ்வளவுதான் நடந்தது.

அடுத்த குறை இன்னும் ஆழமானது. வழுக்கி விழுவதைக் குறைக்கும் வேலை வேறு, கிணறு வெடிக்காமல் காக்கும் வேலை வேறு. முன்னதில் கெட்டிக்காரராக இருப்பது பின்னதைப் பற்றி எதையும் நிரூபிக்காது. டீப்வாட்டர் ஹொரைசன் வெடித்த அன்று பிபி, டிரான்ஸ்ஓஷன் இரண்டின் மேலாளர்களும் மேடைக்கு வந்திருந்தனர். ஏழு ஆண்டுகளாக வேலைநாள் இழப்பு விபத்து ஒன்றுகூட நேராததற்காக ஊழியர்களைப் பாராட்டுவதும் அந்த வருகையின் நோக்கங்களில் ஒன்று. அதே நாளில்தான், கிணற்றின் அடியில் போட்ட சிமென்ட் வாயுவைத் தடுக்கிறதா என்று பார்க்கும் அழுத்தச் சோதனை நடந்தது. துளைக் குழாயில் சதுர அங்குலத்துக்கு 1,400 பவுண்டு அழுத்தம் காட்டியது. சிமென்ட் பிடித்திருந்தால் அந்த அழுத்தம் பூச்சியமாக இருந்திருக்க வேண்டும். பக்கத்தில் இருந்த சிறு குழாயில் ஓட்டம் இல்லை என்பதைக் கொண்டு, சோதனை வெற்றி என்று முடிவு செய்து வேலையைத் தொடர்ந்தார்கள். சில மணிநேரத்தில் வாயு மேலே வந்தது. தவறாகப் படிக்கப்பட்ட அந்தச் சோதனையை, விபத்து விகிதம் எந்த மூலையிலும் பதிவு செய்யாது.

இது 2010இல் புதிதாகத் தெரிந்துகொள்ள வேண்டிய பாடமும் அல்ல. 2005 மார்ச் 23 அன்று டெக்சஸ் சிட்டியில் பிபியின் சுத்திகரிப்பு ஆலை வெடித்து 15 பேர் இறந்தனர். அதை ஆராய்ந்து 2007 ஜனவரியில் அறிக்கை தந்த பேக்கர் குழு, தனிநபர் காய விகிதம் குறைந்து வந்ததை ஆலையின் பாதுகாப்புக்கே சான்றாக பிபி எடுத்துக்கொண்டது தவறு என்று தெளிவாகச் சொல்லியிருந்தது. ஆகவே ஊதிய அட்டவணையில் வாயுக் கசிவு, கட்டுப்பாடற்ற வெளியேற்றம், தாமதமான பராமரிப்பு, தோற்ற பாதுகாப்புச் சோதனைகள் போன்றவற்றை அளக்கும் இலக்கு ஏதேனும் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால், ‘பாதுகாப்பு’ என்ற சொல் அந்த அட்டவணையில் எதைக் குறிக்கிறது என்பதே உங்கள் முதல் கேள்வி.

யாருடைய கை, யாருடைய முடிவு

போனஸ் தொகை சூத்திரத்திலிருந்து தானாகவே விழுவது போல ஆவணங்கள் எழுதப்படுகின்றன. அப்படி அல்ல. இயக்குநர் குழுவின் ஊதியக் குழுவுக்குத் தொகையைக் குறைக்கவோ முற்றாக நிறுத்தவோ அதிகாரம் உண்டா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்கும். டிரான்ஸ்ஓஷனின் முந்தைய ஆண்டே இதற்குச் சாட்சி. 2009இல் நான்கு பேர் பணியில் இறந்தபோது, பாதுகாப்பில் தனக்குள்ள அக்கறையை வலியுறுத்துவதாகச் சொல்லி, உயர் அதிகாரிகளின் போனஸை அந்நிறுவனம் நிறுத்திவைத்தது. நால்வர் இறந்தபோது சூத்திரத்தை மீற முடிந்த குழு, 11 பேர் இறந்த ஆண்டில் சூத்திரத்தைக் காட்டியது. பாதுகாப்புக்கான பங்கில் கிடைக்கக்கூடியதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பாகத்தை வழங்கியது. எனவே ஒரே ஓர் ஆண்டின் அறிக்கையோடு நிறுத்தாமல், முந்தைய மூன்று நான்கு ஆண்டுகளின் அறிக்கைகளையும் அருகில் வைத்துப் படியுங்கள்.

கொடுத்ததைத் திரும்பப் பெறும் விதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்கப் பங்கு மற்றும் பரிவர்த்தனை ஆணையம் 2022இல் கொண்டுவந்த திரும்பப்பெறும் விதி, நிதிக் கணக்கைத் திருத்தி எழுத நேர்ந்தால் மட்டுமே கட்டாயமாகச் செயல்படுகிறது. ஆலை வெடிப்பது அதில் சேராது. நிறுவனம் தானாக முன்வந்து பாதுகாப்புத் தவறுகளையும் சேர்த்திருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. காலமும் இங்கே முக்கியம்: டிரான்ஸ்ஓஷன் குற்றத்தை ஒப்புக்கொண்டு மொத்தம் 140 கோடி டாலர் செலுத்தச் சம்மதித்தது 2013 ஜனவரியில், விபத்தின் பொறுப்பில் 30 விழுக்காடு அதனுடையது என்று கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2014 செப்டம்பரில். போனஸ் முடிவு செய்யப்பட்டதோ, விசாரணைகள் முடியாத 2011இன் தொடக்கத்தில். விசாரணை முடியும்வரை தொகையை நிறுத்திவைக்கும் ஏற்பாடு ஊதியத் திட்டத்தில் இருக்கிறதா என்பது கேட்கத் தகுந்த கேள்வி. பிரேசிலில் 2019 ஜனவரி 25 அன்று புருமாடின்யோவில் சுரங்கக் கழிவு அணை உடைந்தபோது, அதன் உரிமையாளரான வாலே சுரங்க நிறுவனத்தின் இயக்குநர் குழு சில நாட்களுக்குள் பங்காதாயத்தையும் அதிகாரிகளின் போனஸையும் நிறுத்திவைத்தது. செய்ய மனமிருந்தால் வழி உண்டு.

கேள்வியை எங்கே வைப்பது

அமெரிக்காவில் 2011 முதல், அதிகாரிகளின் ஊதியத்தின் மீது பங்குதாரர்கள் கருத்து வாக்களிக்கலாம். அந்த வாக்கு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது என்றாலும், பெரிய அளவில் எதிர்ப்பு விழுந்தால் ஊதியக் குழு அடுத்த ஆண்டு அறிக்கையில் அதற்குப் பதில் எழுத வேண்டிய நெருக்கடி வரும். பங்கு இல்லாதவர்கள், தங்கள் பணத்தை வைத்திருக்கும் ஓய்வூதிய நிதியும் பரஸ்பர நிதியும் எப்படி வாக்களித்தன என்று கேட்கலாம்.

இந்தியப் பங்குகளை வைத்திருக்கும் வாசகர்களுக்கும் இதே முறை பயன்படும். சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள பட்டியலிட்ட நிறுவனங்கள், 2022–23 நிதியாண்டு முதல், இந்தியப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி வகுத்த வணிகப் பொறுப்பு மற்றும் நிலைத்தன்மை அறிக்கையில் பணியிட விபத்துகளையும் உயிரிழப்புகளையும் தனித்தனியாகக் காட்ட வேண்டும். நிறுவனச் சட்டத்தின் 197ஆம் பிரிவு, இயக்குநரின் ஊதியம், ஊதிய வரிசையில் நடுவில் வரும் ஊழியரின் ஊதியத்தைப் போல எத்தனை மடங்கு என்பதை வெளியிடச் சொல்கிறது. இரண்டையும் ஆண்டறிக்கையில் எடுத்து அருகருகே வையுங்கள். செபியின் படிவத்தில் வேலைநாள் இழப்பு விகிதம் 10 லட்சம் மணிநேரத்துக்குக் கணக்கிடப்படுகிறது; அமெரிக்க விகிதத்தோடு அப்படியே ஒப்பிட்டால் ஐந்து மடங்கு பிழை வரும். ஒப்பந்தத் தொழிலாளர்கள் கணக்கில் சேர்ந்திருக்கிறார்களா என்பதையும் பாருங்கள், ஏனெனில் மேடையானாலும் ஆலையானாலும் அபாயமான வேலையில் பெரும்பகுதி அவர்கள் கையில்தான் இருக்கிறது.

கூட்டத்தில் பேச முன்கூட்டியே பெயர் பதிவு செய்து, கேள்வியை எழுத்தில் அனுப்புங்கள். “இவ்வளவு பணம் வாங்க வெட்கமில்லையா” என்று கேட்டால் அனுதாபச் சொற்கள் மட்டுமே பதிலாக வரும். இப்படிக் கேளுங்கள்: “இந்த ஆண்டு பணியில் இறந்தவர்களின் எண்ணிக்கை, தலைமை அதிகாரியின் போனஸ் கணக்கில் எந்த வரியில், எவ்வளவு தொகையைக் குறைத்தது? ஒன்றும் குறைக்கவில்லை என்றால், எத்தனை பேர் இறந்திருந்தால் குறைத்திருக்கும்?” பதில் எழுத்தில் வரும்வரை விடாதீர்கள், வந்ததும், அடுத்த ஆண்டு அறிக்கையின் அதே அட்டவணையோடு அதை ஒப்பிட எடுத்து வையுங்கள்.