எஸ் வளைவில் கேட்ட 'ஙொய்' சத்தம்

என் லாரி 7 லட்சம் கிலோமீட்டர் தாண்டியது. காமன் ரெயில் டீசல் இன்ஜின், அதாவது அதிக அழுத்தத்தில் டீசலை ஒரே பொதுக் குழாயில் சேர்த்து எல்லா சிலிண்டருக்கும் அனுப்புவது. செங்கோட்டையில் காய்கறி ஏற்றி வாரம் 3 நடை புனலூர் போவேன். ஒருநாள் புளியரை தாண்டி மலைப்பாதையில் எஸ் வளைவு ஏறும்போது 'ஙொய்'னு ஒரு ஊளை. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கச் சத்தமும் ஏறியது, இழுவை குறைந்தது.

முதலில் காட்டிய பட்டறையில் டீசலை அழுத்தித் தள்ளுகிற ஹை பிரஷர் பம்பையே மாற்றச் சொன்னார்கள். மனசு கேட்கலை. டீசல் ஃபில்டரை மட்டும் மாற்றினேன், பலனில்லை.

பிறகுதான் ஒன்று உறைத்தது. டேங்க் நிறைந்திருந்தால் சத்தமே இல்லை. பாதிக்குக் கீழே இறங்கினால்தான் ஊளை! ஆரியங்காவில் ஒரு மெக்கானிக் சேட்டனிடம் இதைச் சொன்னேன்.

"ஏர் இழுக்குது அண்ணாச்சி, பம்பைத் தொடாதீங்க" என்றார்.

ஃபில்டருக்கு முன்னால் கண்ணாடி மாதிரி ஒரு ஹோஸ் மாட்டினார். டீசலோடு குமிழி குமிழியாகக் காற்று. அடுத்து டேங்கை விட்டுவிட்டு, கேனில் இருந்து நேராக டீசல் கொடுத்தார். சத்தம் நின்றது. பம்ப் மேல் தப்பில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது.

டேங்குக்குள் டீசல் உறிஞ்சும் குழாயைக் கழற்றினால், நடுவில் துரு தின்ற ஊசித்துளை. டீசல் அதற்குக் கீழே இறங்கியதும் காற்றை இழுத்திருக்கிறது. பம்புக்குள் தேயாமல் வழுக்க டீசல்தான் எண்ணெய். காற்று கலந்தால் உள்ளே தேயும். அதனால் சத்தத்தோடு ஓட்டாதீர்கள். இன்ஜின் ஓடும்போது ஹை பிரஷர் குழாயைத் தளர்த்தவே கூடாது, பீச்சுகிற டீசல் தோலைத் துளைத்துவிடும்.

புதுக் குழாய், வாஷர், ஹேண்ட் பம்ப் அடித்து உள்ளே சிக்கிய காற்றை வெளியே எடுத்தது, அவ்வளவுதான் வேலை. இப்போது கால் டேங்கிலும் எஸ் வளைவு அமைதியாக ஏறுகிறது.