மீன் பெண்தெய்வங்களைத் தொகுப்பது எப்படி

உலகப் புராணங்களில் மீனோடு தொடர்புடைய பெண்தெய்வங்களைப் பட்டியலிடுவோர் பெரும்பாலும் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். மீனுருவில் இருப்பவள், மீன்வளத்தைத் தருபவள், கடலில் போகிறவர்களைக் காப்பவள் என மூன்று வேறு தெய்வங்களை ‘மீன் தேவதை’ என்ற ஒரே தலைப்பில் அடைத்துவிடுகிறார்கள்.

தெய்வத்துக்கு ஓர் அட்டை என வைத்துக்கொள்ளுங்கள். அதில் பெயர், வணங்கிய மக்கள், ஊர், நீர்நிலை, மீனுக்கும் தெய்வத்துக்கும் உள்ள உறவு, அதைச் சொல்லும் மிகப் பழைய சான்று ஆகிய ஆறையும் குறியுங்கள். சான்று கிடைக்காத அட்டையைத் தனியே எடுத்து வையுங்கள். கிடைக்கும்வரை பட்டியலில் சேர்க்க வேண்டாம்.

முதலில் நிரப்ப வேண்டியது உறவு. சீனாவின் ஃபூஜியன் கடலோரத்து மாட்சுவை மீனவர்கள் கும்பிடுகிறார்கள். ஆனால் அவளிடம் முதன்மையாக வேண்டுவது கடலில் உயிர்க்காவல். பழைய ஸ்காண்டிநேவியரின் நோர்ஸ் புராணத்துக் கடல்தெய்வம் ரானிடம் வலை இருக்கிறது. அதில் அகப்படுவது கடலில் மூழ்கும் மனிதர்கள். வலையைக் கண்டதும் மீன்பிடித் தெய்வம் என எழுதிவிடாதீர்கள்.

ஆர்க்டிக் பகுதி இன்யூட் மக்களின் கடல்தெய்வம் செட்னா விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. தந்தை வெட்டியெறிந்த அவளுடைய விரல்கள் சீல்களாகவும் வால்ரஸ்களாகவும் திமிங்கிலங்களாகவும் மாறின என்கிறது கதை. எந்த விரல் துண்டு எந்த விலங்கானது என்பது சொல்பவருக்குச் சொல்பவர் மாறும். வேட்டைக்குரிய தடைகளை மக்கள் மீறினால் அவளுடைய கூந்தலில் அழுக்கு சேரும். விரல் இல்லாததால் அவளால் வாரிக்கொள்ள முடியாது. கோபத்தில் விலங்குகளை அடைத்து வைத்துக்கொள்வாள். ஆவியோடு பேசும் பூசாரி கடலடிக்குப் போய்த் தலைவாரிவிட்ட பிறகே வேட்டை கிடைக்கும். ஆகவே உறவு என்ற இடத்தில் ‘கடல் பாலூட்டிகளின் தலைவி’ என்று எழுதுங்கள். பெயரும் வட்டாரத்துக்கு வட்டாரம் வேறு: நெட்சிலிக் மக்களிடம் அவள் நுலியாயுக்.

எகிப்தின் ஹத்மெஹித் நைல் கழிமுகத்து மெண்டிஸ் நகரத் தெய்வம். தலைமேல் மீன் சின்னம் தாங்குவாள். பழைய நூல்கள் சில அதை டால்பின் என்றன. ஷில்பே என்னும் கெளுத்தி வகை என்பதே இன்றைய ஆய்வாளர் கருத்து. படம் கிடைத்தால் அடிவயிற்றைப் பாருங்கள். ஷில்பேக்கு அங்கிருந்து வாலை நோக்கி ஒரு நீண்ட துடுப்பு ஓடும். டால்பினுக்கு அந்தத் துடுப்பே கிடையாது.

இன்றைய ஈராக்கின் தென்பகுதியான பழைய சுமேரின் நன்ஷேயை மீனோடு மட்டும் நிறுத்திவிட வேண்டாம். லகாஷ் அரசைச் சேர்ந்த அவள் மீனுக்கும் நீர்ப்பறவைகளுக்கும் உரியவள். கனவுக்குப் பொருள் சொல்பவள். அனாதைக்கும் விதவைக்கும் நீதி வழங்குபவள். கி.மு. 2100-ஐ ஒட்டி லகாஷை ஆண்ட குடேயா, தன் கனவுக்கு விளக்கம் கேட்டு அவளிடம் போனதை அவனுடைய களிமண் உருளைகளே சொல்கின்றன. இவ்வளவு வலுவான சான்று இந்தத் துறையில் அபூர்வம்.

சிரியாவின் அத்தர்காத்திஸுக்கு ஓர் அட்டை போதாது, ஊருக்கு ஒன்று வேண்டும். அஸ்கலோனில் தெர்கெத்தோ என்ற பெயரில் பெண்முகமும் மீனுடலும் கொண்டவள் என்று கி.மு. முதல் நூற்றாண்டில் கிரேக்க வரலாற்றாசிரியர் தியோதோரஸ் எழுதினார். கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் கிரேக்க மொழி எழுத்தாளர் லூசியன் பெயரில் வந்த நூலோ, இன்றைய லெபனான் கடலோரமான ஃபினீசியாவில் தொடையிலிருந்து கீழே மீன்வாலுள்ள உருவத்தைக் கண்டதாகவும், சிரியாவின் ஹீராபோலிஸ் நகரக் கோயிலில் அவள் முழுப் பெண்ணாகவே இருப்பதாகவும் பிரித்துச் சொல்கிறது. அக்கோயில் குளத்து மீன்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வரும், ஒன்றின் துடுப்பில் பொன் அணி இருந்தது என்ற தகவலும் அதில்தான் உள்ளது. இவற்றைக் கலந்து ஒரே ‘கடற்கன்னி’யாக்கினால் மூன்று இடங்களின் வழிபாடும் தொலைந்துபோகும்.

நீர்நிலையை விட்டுவிட்டால் யெமோஜாவில் தவறுவீர்கள். நைஜீரியாவின் யொருபா மக்களுக்கு அவள் ஓகுன் ஆற்றின் தாய். பிரேசிலில் கடலின் தாய். சால்வடோர் நகரில் பிப்ரவரி 2 அன்று மீனவர்கள் படகில் காணிக்கை கொண்டுபோவது கடலுக்கு. இரு நிலத்தையும் தனித்தனி வரியில் எழுதுங்கள்.

சான்றுகள் மோதினால் இரண்டையும் வையுங்கள். கிரீட்டின் பிரிட்டோமார்ட்டிஸ், அரசன் மினோஸிடமிருந்து தப்பக் கடலில் குதித்து மீனவர் வலையில் விழுந்தாள் என்பது ஒரு கதை. தியோதோரஸ் அதை மறுத்து, வேட்டை வலையைக் கண்டுபிடித்தவள் அவள் என்கிறார். அட்டையில் இரண்டும் இருக்கட்டும், அருகிலேயே யார் சொன்னது என்ற குறிப்போடு.