"இன்னைக்கு ராத்திரி செத்தா எங்க போவீங்க?" – விசுவாசத்தைப் பகிரப் போய் நாம் செய்கிற தவறுகள்

இருபது வயதில் நான் கேட்ட கேள்விதான் தலைப்பில் இருப்பது. நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி போகும் பஸ். ஞாயிறு மத்தியானம், ஆராதனை முடிந்த கையோடு ஏறியிருந்தேன், சட்டைப்பையில் சுவிசேஷம் அச்சடித்த கைப்பிரதிக் கட்டு. பக்கத்து சீட்டில் நெற்றி நிறையத் திருநீறு பூசிய பெரியவர், மடியில் டிபன் கேரியர். பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்த மாதிரியே ஆரம்பித்தேன். "ஐயா, இன்னைக்கு ராத்திரி நீங்க செத்துப்போனா எங்க போவீங்க?"

அவர் கோபப்படவில்லை. "நான் எங்க தம்பி போவேன், பெரியாஸ்பத்திரிக்குத்தான் போய்க்கிட்டு இருக்கேன். வீட்டுக்காரி மூணு நாளா அங்க கெடக்கா. கஞ்சி கொண்டுபோறேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நீ சாப்ட்டியாப்பா?"

அதற்கு எனக்குப் பாடத்தில் பதில் இல்லை. கைப்பிரதியை நீட்டினேன். வாங்கி நாலாக மடித்து, கேரியரின் அடியில் வைத்துக்கொண்டார். கஞ்சி கசிந்து வேட்டியில் பட்டுக்கொண்டிருந்தது. அன்றைக்கு அதை அவமதிப்பாக எடுத்துக்கொண்டேன். இப்போது நினைத்தால், அந்தப் பயணத்தில் அந்தத் தாளால் உருப்படியாக நடந்த ஒரே காரியம் அதுதான்.

இதை வெறும் நாகரிகக் குறைவு என்று நெடுநாள் நினைத்திருந்தேன். குறை உபதேசத்திலேயே இருந்தது. மனிதனுக்கும் கடவுளுக்கும் இருப்பது தகப்பன் பிள்ளை உறவு என்று சொல்லவந்தவன், செக்போஸ்ட்டில் நிற்கிற போலீஸ்காரர் மாதிரி கேள்வி கேட்டேன். சொல்லுகிற விதத்திலேயே சொல்லவந்த செய்தியை மறுத்துவிட்டேன். நாம் செய்கிற தவறுகளில் பாதிக்கு மேல் இந்த வகைதான்.

மூன்றாம் அதிகாரத்திலிருந்து ஆரம்பிப்பது

பெரும்பாலான கைப்பிரதிகளின் முதல் வரி "நீங்கள் ஒரு பாவி". வேதாகமம் அப்படித் தொடங்கவில்லை. ஆதியாகமம் முதல் அதிகாரத்தில், "தேவன் தம்முடைய சாயலாக மனுஷனைச் சிருஷ்டித்தார்" என்று இருக்கிறது. பாவம் வருவது மூன்றாம் அதிகாரத்தில். அங்கேயும் பழத்தைத் தின்றுவிட்டு ஒளிந்துகொண்டவனைப் பார்த்துக் கடவுள் பேசுகிற முதல் வார்த்தை தீர்ப்பு அல்ல, "நீ எங்கே இருக்கிறாய்?" என்கிற கேள்வி. பொழுது சாய்ந்தும் வீடு திரும்பாத பிள்ளையைத் தெருமுனையில் நின்று கூப்பிடுகிற குரல் அது.

நம் மொழியிலும் ஒரு சிக்கல் உண்டு. தமிழில் 'பாவம்' என்றால் இரண்டு பொருள் கேட்கும். கால் ஒடிந்த நாய்க்குட்டியைப் பார்த்து "ஐயோ பாவம்" என்கிறோம்; குடும்பத்தைக் கெடுத்தவனை "படுபாவி" என்கிறோம். ஊர்பேர் தெரியாத ஒருவரிடம் போய் "நீங்க பாவி" என்றால் அவர் காதில் விழுவது இரண்டாவதுதான். அடுத்தபடியாக, நம் ஊரில் பாவத்துக்கு ஜோடி புண்ணியம். இது பற்று, அது வரவு. பாவம் கூடிப்போனதா, நாலு பேருக்கு அன்னதானம் செய்து சரிக்கட்டிவிடலாம் என்று கேட்பவர் மனசு தானாகவே கணக்குப் போடும். "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல" என்று அப்போஸ்தலன் பவுல் எபேசியருக்கு எழுதியது அந்தக் கணக்குப் புத்தகத்துக்குள் நுழையவே முடியாது.

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் பாவத்துக்கு வருகிற சொல்லுக்கு அடிப்படைப் பொருள் குறி தவறுதல். அதைவிட எளிதாக நம் வீடுகளிலேயே விளக்கம் இருக்கிறது. சொத்துத் தகராறிலோ கல்யாணப் பேச்சிலோ அப்பாவோடு பேச்சை விட்டுவிட்ட மகன் ஒருவன் எல்லாக் குடும்பத்திலும் இருப்பான். அவன் ஊருக்கெல்லாம் நல்லவனாகவே இருக்கலாம், மாதாமாதம் பணம்கூட அனுப்பலாம். ஆனால் உறவு அறுந்துதான் கிடக்கிறது. கிறிஸ்தவம் பாவம் என்று சொல்வது முதலில் இந்த அறுந்த நிலையை. திருட்டும் பொய்யும் அதற்குப் பிறகு வருகிறவை.

சபைக்குள் மட்டும் செல்லுபடியாகிற தமிழ்

"இரட்சிக்கப்பட்டாச்சா பிரதர்?" என்று வெளியாள் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். 'விசுவாசம்' என்றால் அவருக்கு நாய் ஞாபகம் வரும். 'அபிஷேகம்' என்றால் பாலும் பன்னீரும். "இரத்தத்தால் கழுவப்பட்டேன்" என்றால் ஒரு அடி தள்ளி நிற்பார். இந்தச் சொற்கள் தப்பானவை இல்லை, ஆழமானவைதான். ஆனால் நமக்கே ஓய்வுநாள் பள்ளியில் பத்து வருஷம் உட்கார்ந்துதான் புரிந்தது. அவருக்கு இரண்டு நிமிஷத்தில் புரியவேண்டும் என்று எப்படி எதிர்பார்க்கலாம்?

கடவுளை என்ன சொல்லி அழைப்பது என்பதிலேயே தமிழ்க் கிறிஸ்தவர்கள் முந்நூறு வருஷமாகத் தடுமாறியிருக்கிறோம். பதினெட்டாம் நூற்றாண்டில் வேதாகமத்தை மொழிபெயர்த்த பப்ரீஷியஸ் 'பராபரன்' என்று எழுதினார். நாம் இன்றைக்கும் சபைகளில் வாசிக்கிற பழைய மொழிபெயர்ப்பு 'தேவன்' என்கிறது. பல தெய்வங்களில் ஒருவர் போலத் தொனிக்கிறதே என்ற குறை அதன்மேல் உண்டு. 1995இல் கத்தோலிக்கரும் மற்றவர்களும் சேர்ந்து கொண்டுவந்த பொது மொழிபெயர்ப்பு 'கடவுள்' என்ற சாதாரணச் சொல்லுக்கு வந்துசேர்ந்தது. மொழிபெயர்ப்பாளர்களே இவ்வளவு யோசித்த இடத்தில் நாம் யோசிக்காமல் பேசுகிறோம்.

இதில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குவிடம் கற்க நிறைய இருக்கிறது. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கியபோது அவருக்கு வயது சுமார் 24, தமிழ் ஒரு எழுத்துத் தெரியாது. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் அனா ஆவன்னா எழுதிப் பழகினார். இரண்டு வருஷத்தில் கொன்றை வேந்தன், உலக நீதி, நீதி வெண்பா மூன்றையும் ஜெர்மனுக்குக் கொண்டுபோகிற அளவுக்கு வந்தார். இங்கிருந்தவர்களிடம், நீங்கள் என்ன நம்புகிறீர்கள் என்று கேட்டுக் கடிதங்களாகவே பதில் வாங்கினார். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713இல் அவர் எழுதிமுடித்த பெரிய நூலை ஜெர்மனியில் ஹாலேயில் இருந்தவர்கள் அச்சிடவில்லை. புறமதத்தை ஒழிக்கத்தான் அனுப்பினோம், அதைப் பரப்புவதற்கு அல்ல என்பது அவர்கள் எண்ணம். அது அச்சேறியது 1867இல், அதுவும் சென்னையில். அவருடைய புதிய ஏற்பாடு தமிழில் முழுதாக வெளிவந்தது 1715இல். வந்து ஒன்பது வருஷம் கேட்ட பிறகு. நாம் பஸ்ஸில் ஒன்பது நிமிஷம் கேட்கிறோமா?

கொடுக்கல் வாங்கலாக ஆக்குவது

என்னைக் கேட்டால் இதுதான் ஆகப் பெரிய தவறு. "ஏசப்பாகிட்ட வாங்க, கடன் தீரும், வேலை கிடைக்கும், வியாதி போகும்." உறவை நேர்த்திக்கடனாக மாற்றிவிடுகிறோம்.

எங்கள் தெருவில் ஒரு அக்கா. சர்க்கரை வியாதிக்காரர். வீட்டுக்கு ஜெபிக்க வந்த ஒருவர், "மாத்திரை போடுறதே அவிசுவாசம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா நிறுத்திவிட்டார். ரெண்டு மாதத்தில் காலில் கொப்புளம், அது புண்ணாகி, ஒரு விரலை எடுக்கவேண்டி வந்தது. வந்தவரிடம் போய்ச் சொன்னபோது, "உங்களுக்கு விசுவாசம் பத்தல சிஸ்டர்" என்றாராம். இப்போது அக்கா வேளைக்கு இன்சுலின் போட்டுக்கொள்கிறார். ஜெபக்கூட்டச் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்திவிடுகிறார். அவரைப் போய்ப் பார்த்து மன்னிப்புக் கேட்கச் சபையில் யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றியது ஒரு வருஷம் கழித்துத்தான்.

வேதத்தில் ஆதாரம் இல்லாமலா இதைத் தவறு என்கிறேன்? பவுல் தன் உடம்பிலிருந்த முள்ளை எடுத்துவிடும்படி மூன்று தடவை வேண்டினார், முள் போகவில்லை. "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில்தான் வந்தது. தன்னோடு பயணம் செய்த துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியோடு விட்டுவந்தேன் என்று அவரே தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். அவரோடு கூடவே இருந்த லூக்காவை "பிரியமான வைத்தியன்" என்கிறார். வைத்தியரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்த அப்போஸ்தலனுக்கு விசுவாசம் பத்தவில்லை என்று யாராவது சொல்வார்களா? சுகத்துக்காக ஜெபியுங்கள், தாராளமாக. மருந்தில் கைவைக்காதீர்கள், சுகம் நிச்சயம் என்று ரசீது எழுதிக்கொடுக்காதீர்கள்.

சொத்தில் பங்கை வாங்கிப்போய் அழித்த இளைய மகனைப் பற்றி இயேசு சொன்ன கெட்ட குமாரன் கதையில் ஒரு சின்ன இடம் உண்டு. பன்றி மேய்த்துக்கொண்டிருந்தவன் வீட்டுக்குக் கிளம்புமுன் வசனம் தயார் செய்துகொள்கிறான்: பாவம் செய்தேன், இனி உம்முடைய குமாரன் என்று சொல்லப்பட நான் பாத்திரன் அல்ல, கூலிக்காரரில் ஒருவனாக வைத்துக்கொள்ளும். வீட்டுக்கு வந்து அப்பாவின் முன்னால் அதையே சொல்கிறான், ஆனால் கூலிக்காரன் என்ற கடைசி வரி வருவதே இல்லை. அதற்குள் அப்பா நல்ல வஸ்திரம் எடுத்துவரச் சொல்லிவிடுகிறார். கூலி பேசுகிற வாக்கியத்தை அந்த வீட்டில் முடிக்கவே முடியாது. மூத்தவனோ வயலிலிருந்து வந்து, இத்தனை வருஷம் உழைத்தேனே, ஒரு ஆட்டுக்குட்டி கூடக் கொடுக்கவில்லையே என்று கணக்கு வாசிக்கிறான். ஆசீர்வாதத்தைக் காட்டிக் கூப்பிட்டால், சபைக்குள் வருகிறவர்கள் எல்லாரும் அந்த மூத்தவனாகத்தான் வளர்வார்கள்.

அடுத்தவர் சாமியைத் திட்டுவது

இதற்கு நீளமாக எழுதத் தேவையில்லை. எபேசுவில் பவுல் இரண்டு வருஷத்துக்கு மேல் பேசினார். அர்த்தெமி என்ற தியானாள் கோயில் இருந்த ஊர் அது. கலவரம் மூண்டபோது அந்த ஊர் அதிகாரியே கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார், இவர்கள் "உங்கள் தேவியைத் தூஷிக்கிறவர்களுமல்ல" என்று. நம்மைப் பற்றி நம் ஊர் விஏஓ அப்படி ஒரு சர்டிபிகேட் கொடுப்பாரா? அத்தேனேயில் ஊர் முழுக்கச் சிலைகளைப் பார்த்து வைராக்கியம் பொங்கியும், பவுல் அவர்கள் புலவர் பாடிய ஒரு வரியை எடுத்துத்தான் பேச்சை நகர்த்தினார்.

வீட்டுக்குள் சுவர், வெளியே அழைப்பு

வள்ளியூர்ப் பக்கம் வடக்கன்குளத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டிய கத்தோலிக்கக் கோயிலுக்கு இரண்டு கால்கள், பேண்ட் மாதிரி. ஒரு சாதி இந்தப் பக்கம், மற்றவர்கள் அந்தப் பக்கம், நடுவில் பீடம். தடுப்பை 1910இல் இடித்தார்கள். கட்டடத்தில்தான் இடித்தோம். கல்லறைத் தோட்டத்தில் இன்னும் எத்தனை ஊரில் பாதை ரெண்டு என்று அந்தந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். கத்தோலிக்கர், சிஎஸ்ஐ, லுத்தரன் என்ற வித்தியாசம் இதில் கிடையாது. "எல்லாரும் ஒரே தகப்பன் பிள்ளைகள்" என்று வெளியே போய்ச் சொல்கிறவர் தன் மகளுக்கு வரன் தேடுகிற விளம்பரத்தை ஒரு தடவை வாசித்துவிட்டுப் போகலாம். கேட்கிறவர் ஏற்கெனவே வாசித்துவிட்டார்.

சட்டம் தெரியாமல் இறங்குவது

அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது. அது இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று 1977இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டில் 2002இல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. வேறு பல மாநிலங்களில் இப்படிச் சட்டங்கள் அமலில் இருக்கின்றன, அங்கே போகிறவர்கள் விசாரித்துக்கொண்டு போகவேண்டும். சட்டம் கிடக்கட்டும். பெற்றோருக்குத் தெரியாமல் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு ஜெபம் சொல்லிக்கொடுப்பது, அரிசி மூட்டையோடு கைப்பிரதியைச் சேர்த்துக் கட்டுவது, ஐசியூ வாசலில் அழுதுகொண்டிருப்பவரை மடக்கிப் பேசுவது இதெல்லாம் முதலில் அசிங்கம்.

எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பது

"என் பிள்ளைக்கு ஏன் இப்படி ஆச்சு?" என்று ஒரு தாய் கேட்டால் நம் வாய் சும்மா இருக்காது. பிறவிக் குருடனைப் பார்த்துச் சீடர்களும் அதையே கேட்டார்கள், இவன் செய்த பாவமா, பெற்றவர்கள் செய்த பாவமா என்று. முன்வினைப் பேச்சில் ஊறின நம் காதுக்கு மிகவும் பழக்கமான கேள்வி. இரண்டுமில்லை என்றார் இயேசு. பிற்பாடு பார்வை வந்த அந்த ஆளைப் பரிசேயர் என்ற யூத மதப் பெரியவர்கள் துருவித் துருவி விசாரித்தபோது, அவன் சொன்னதன் சாரம் இவ்வளவுதான்: அவர் பாவியா இல்லையா எனக்குத் தெரியாது, குருடனாக இருந்தேன், இப்போது பார்க்கிறேன். தெரியாததைத் தெரியாது என்றான். தன்னிடம் இருந்ததைச் சொன்னான். சாட்சி என்ற சொல்லுக்குக் கோர்ட்டிலும் அதுதானே பொருள், பார்த்ததைச் சொல்வது?

இதோடு ஒட்டியது எண்ணிக்கை வெறி. "இந்த மாசம் எத்தனை ஆத்துமா?" என்று ரிப்போர்ட் கேட்கிற கூட்டங்களில் நானும் கணக்கு ஒப்பித்திருக்கிறேன். அந்த பஸ் பெரியவரையும் 'சுவிசேஷம் கேட்டவர் – 1' என்று எழுதிக் கொடுத்தேன்.

அப்போஸ்தலர் நடபடிகள் எட்டாம் அதிகாரத்தில் பிலிப்பு, காசா போகிற வனாந்தரச் சாலையில் ஓடும் ரதத்தின் பக்கத்தில் ஓடுகிறார். உள்ளே எத்தியோப்பிய மந்திரி ஏசாயா தீர்க்கதரிசியின் புத்தகத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருக்கிறார். பிலிப்பு முதலில் அதைக் காதுகொடுத்துக் கேட்கிறார். பிறகு ஒரே ஒரு கேள்வி: வாசிக்கிறது புரிகிறதா? ஏறி உட்காரும்படி மந்திரிதான் கூப்பிடுகிறார். பேசுகிறார்கள், வழியில் தண்ணீர் தென்படுகிறது, ஞானஸ்நானம் நடக்கிறது. பிறகு பிலிப்பு ஒரு பக்கம், மந்திரி ஒரு பக்கம். எந்தச் சபையில் சேர்ந்தார், ஊருக்குப் போய் என்ன செய்தார், எதுவும் அங்கே இல்லை. சந்தோஷத்தோடே தன் வழியே போனார் என்று மட்டும் இருக்கிறது. இதை எழுதிய லூக்கா அவர் பெயரைக்கூட எழுதவில்லை.